ஹாப்ஸ் பறிக்கும் பக்குவம்: லுபுலின் நிறம் சொல்வதும் தராசு சொல்வதும்

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸை (ஒரு கொடியின் கூம்பு வடிவப் பூக்கள்) அமெரிக்காவின் யகிமா பள்ளத்தாக்கிலும் ஜெர்மனியின் ஹாலர்டாவிலும் ஆகஸ்ட் கடைசியில் அறுக்கத் தொடங்குவார்கள். அந்தத் தேதியை நம்பி வீட்டுக் கொடியில் கை வைக்க வேண்டாம். ரகம், வெயில், மழை எல்லாம் சேர்ந்து பக்குவத்தை முன்னே பின்னே தள்ளும்.

முதலில் மாதிரி. கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் பறித்தால் கணக்கு தப்பும். நிழலில் இருக்கும் அடிக் கூம்புகள் பின்தங்கியே இருக்கும். ஏணி போட்டு உச்சி, நடு, பக்கக் கிளை என்று எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகு எடுங்கள். கொடியின் கொக்கி முடிகள் தோலைக் கீறித் தடிக்க வைக்கும். முழுக்கைச் சட்டை அவசியம்.

ஒரு கூம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், செதில்களின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடி தெரியும். அதுதான் லுபுலின். பகல் வெளிச்சத்தில், 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாக் கூம்பும் பழுத்ததாகத்தான் தோன்றும். பொடி வெளிறி, கொஞ்சமாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மஞ்சள்தூளைப் போல அடர்ந்து, தேய்த்தால் விரலில் பிசுக்கென்று ஒட்டினால் பக்குவம் நெருங்கிவிட்டது. ஆரஞ்சாகவோ துருநிறமாகவோ மாறியிருந்தால் காற்றுப்பட்டுக் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கசப்புக்கான ஆல்ஃபா அமிலம் அப்போது குறைந்துகொண்டிருக்கும்.

தேய்த்த கையை முகர்ந்து பாருங்கள். பச்சைப் புல் வாசனை வந்தால் காத்திருங்கள். அந்த ரகத்துக்குரிய எலுமிச்சை, பைன், பூ மணம் தூக்கலாக வந்தால் சரி. வெங்காய வாடையோ பூண்டு வாடையோ அடித்தால் தாமதமாகிவிட்டது. இதில் சில ரகங்கள் பொல்லாதவை, சில நாளிலேயே மணம் திரும்பிவிடும்.

கையில் அமுக்கினால் காகிதம்போலச் சரசரத்து, விட்டதும் பழைய உருவத்துக்கு வர வேண்டும். ஈரமாக நசுங்கினால் பிஞ்சு. செதில் நுனி லேசாகப் பழுப்பாவது பக்குவத்தின் அடையாளம் என்பார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது. காற்றில் உரசினாலும், சிலந்திப் பேன் தாக்கினாலும், அடிச்சாம்பல் நோய் வந்தாலும் கூம்பு பழுப்பாகும். பழுப்பைக் கண்டால் பிளந்து உள்ளே பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கண்ணும் மூக்கும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கடைசித் தீர்ப்பைத் தராசிடம் விடுவது நல்லது. கலந்து பறித்த கூம்புகளில் 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். நடு ஈர்க்கில்தான் ஈரம் தங்கும், ஆகவே பிளந்து போட்டு, உணவு உலர்த்தியில் சுமார் 60 டிகிரி செல்சியஸில் எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காய வையுங்கள். மைக்ரோவேவ் என்றால் அரை நிமிடத் தவணைகளாக, அருகிலேயே நின்று. கருகினால் அந்தக் கணக்கு பயனற்றது. மிஞ்சுவது 22 கிராம் என்றால் உலர்பொருள் 22 சதவீதம். பெரும்பாலான ரகங்களுக்கு 20 முதல் 24 வரை அறுவடைக் கட்டம். 18 என்று வந்தால் சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். மழை பெய்த மறுநாள் சோதித்தால் எண் பொய் சொல்லும்.

அவசரப்பட்டு அறுப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. கொடி பச்சையாக இருக்கும்போதே அடியோடு வெட்டினால் வேர்த்தண்டுக்குப் போக வேண்டிய மாவுச்சத்து போகாது, அடுத்த வருட விளைச்சல் இளைக்கும். குறிப்பாக முதல் வருடக் கொடியில் கூம்பை மட்டும் பறித்துவிட்டுக் கொடியை அப்படியே விடுங்கள்.

பறித்ததைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். அன்றே காயப் போட வேண்டும். நடு ஈர்க்கு வளையாமல் ஒடியும்போது ஈரம் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். மேலே சொன்ன 22 சதவீதக் கூம்பில் 100 கிராம் பச்சை, ஏறக்குறைய 24 கிராமில் நிற்கும். அப்போது காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் அதன் வாய்க்கு எட்டக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகும்.