பழைய ஷாம்பெய்னைச் சுவைப்பது எப்படி? முதல்முறை திறப்பவர்களுக்கு

15, 20 வருடம் இருட்டில் கிடந்த ஷாம்பெய்ன் பாட்டிலை ஐஸ் வாளியில் அமுக்கி, ஒல்லிக் கிளாஸில் ஊற்றி, மூன்றே மடக்கில் முடித்துவிடுவதைப் பல விருந்துகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். என் முதல் பாட்டிலும் அப்படித்தான் போனது. நுரை அதிகம் இல்லாததால் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து மேஜையைத் துடைக்கும்போது கிளாஸை எதேச்சையாக முகர்ந்தேன். வெண்ணெய் உருக்கி நெய் இறக்கும் வாசனை. அப்போது கிளாஸில் ஒரு வாய்தான் மிச்சம்.

அவசரப்படாமல் இருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பாட்டிலின் இரண்டு வயதுகள்

பிரான்சின் வடகிழக்கில் ரான்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றி விளையும் திராட்சையில் செய்தால்தான் அது ஷாம்பெய்ன். பெரும்பாலான பாட்டில்கள் பல வருட ஒயின்களைக் கலந்து செய்பவை. ஒரே வருட அறுவடையில் மட்டும் செய்தால் லேபிளில் அந்த வருடம் இருக்கும். அதுதான் விண்டேஜ். கலவை ஷாம்பெய்ன் நிலவறையில் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும் என்றால், விண்டேஜுக்கு 3 வருடம்.

பாட்டிலுக்குள்ளேயே சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்து இரண்டாம் முறை நொதிக்கும். குமிழி அங்கேதான் பிறக்கிறது. வேலை முடிந்து இறந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். ஒயின் அந்த மண்டியோடு கிடக்கும் காலம் முதல் வயது. பிறகு மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, அங்கே மட்டும் உறைய வைத்து, வெளியே தள்ளிவிட்டு, புதுக் கார்க் போடுவார்கள். இதற்கு தெகோர்ஜ்மான் என்று பெயர். அதற்குப் பிறகான காலம் இரண்டாம் வயது.

இரண்டும் வேறு வேறு ருசி தருபவை. மண்டியோடு கிடந்த வருடங்கள் பன் ரொட்டி, மாவு, க்ரீம் மாதிரியான வாசனையைத் தரும். ஒயினும் இளமையாகவே இருக்கும். கார்க் மாற்றியபின் கழிந்த வருடங்கள் வறுத்த பருப்பு, தேன், காபிக்கொட்டை, காளான் பக்கம் இழுத்துப் போகும். 1952 அறுவடையில் தொடங்கி பொலாஞ்சே நிறுவனம் 'ஆர்.டி.' என்ற பெயரில் விற்பது, நெடுநாள் மண்டியோடு வைத்துக் கடைசி நேரத்தில் கார்க் மாற்றிய ஒயினைத்தான். அதனால் வாங்கும்போது பின்பக்க லேபிளில் தெகோர்ஜ்மான் மாதம், வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முன்பக்க வருடத்தைவிட இந்தத் தேதிதான் முக்கியம்.

2. முந்தைய நாள்

பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் படக் கூடாது. சுவைக்கும் நாளில் 3 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். புது ஷாம்பெய்னுக்கு 8 டிகிரி சரி. பழையதற்கு 12 டிகிரி வேண்டும். அதிகக் குளிரில் வாசனை எழும்பவே எழும்பாது.

3. கிளாஸ்

ஒல்லிக் கிளாஸ் வேண்டாம், அகலத் தட்டு போன்ற பழங்காலக் கிளாஸும் வேண்டாம். வயிறு பருத்து வாய் சற்றுக் குறுகிய வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். சோப்பு வாடை இல்லாமல் வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடையுங்கள்.

அந்தத் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரான்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் பல வருடம் குமிழிகளையே ஆராய்ந்தவர். கிளாஸின் உட்புறம் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்த்துகள்களில் சிக்கிய காற்றிலிருந்துதான் குமிழிகள் கிளம்புகின்றன என்று அவர் காட்டினார். ஆகவே குமிழி குறைவாக வந்தால் ஒயினைக் குறை சொல்லாதீர்கள். பழைய பாட்டிலில் வாயுவும் கார்க் வழியாக மெல்ல மெல்லக் கசிந்திருக்கும்.

4. திறப்பது

கம்பிக் கூண்டை 6 அரைச் சுற்றில் தளர்த்துங்கள். கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' சத்தம் வேண்டாம், 'உஸ்' போதும். வயதானாலும் உள்ளே அழுத்தம் இருக்கும் என்பதால் யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்காதீர்கள்.

வந்த கார்க்கைப் பாருங்கள். சமீபத்தில் போட்டது என்றால் அடிப்பகுதி பாவாடை போல விரியும். பல வருடம் இறுகிக் கிடந்தது ஆப்பு மாதிரி நேராகவே நிற்கும்.

கிளாஸைச் சாய்த்து, பீர் ஊற்றுவது போல ஓரமாக ஊற்றுங்கள். இதில் வாயு குறைவாகவே வீணாகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

5. முகர்வது

நிறத்தை ஒரு நொடி பார்த்தால் போதும். வைக்கோல் நிறத்திலிருந்து பழுத்த பொன்னிறம் வரை எல்லாமே இயல்பு.

கிளாஸைச் சுழற்றாமல் முதலில் முகருங்கள். பிறகு லேசாக ஒரே ஒரு சுழற்று. வேகமாகச் சுழற்றினால் மிச்ச வாயுவும் போய்விடும். தோன்றுவதை உங்கள் வீட்டு வார்த்தையிலேயே எழுதுங்கள்: நெய், வறுத்த முந்திரி, பேக்கரி வாசல், காய்ந்த அத்திப்பழம், ஈர மண். பிரெஞ்சுக்காரர் சொல்லும் பிரியோஷ் உங்களுக்கு வெண்ணெய் பன்னாகத் தெரிந்தால் அதுவே சரி.

முதல் முகர்வில் பிடிக்காத வாசனை வந்தால் ஒதுக்கிவிட வேண்டாம். 2010-ல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பலில் 168 பாட்டில்கள் கிடைத்தன. சுமார் 170 வருடப் பழையவை. சுவைத்த நிபுணர்களுக்கு முதலில் ஈர முடி, மிருக வாடை என்றுதான் பட்டது. கிளாஸைச் சுழற்றிக் காற்றுப் பட்டதும் புகை, தோல், மசாலா, கூடவே பழமும் பூவும் எழுந்தன. உங்கள் பாட்டிலுக்கும் 15 நிமிடம் கொடுங்கள்.

காற்றுப் பட்டும் ஈர அட்டைப்பெட்டி வாடை போகாமல் ஏறிக்கொண்டே போனால் கார்க் கெட்டது. வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை என்றால் வெளிச்சம் பட்டது. லூயி ரோதரேர் நிறுவனத்தின் கிரிஸ்டால் பாட்டில் நிறமற்ற கண்ணாடி என்பதால்தான் அதை மஞ்சள் தாளில் சுற்றி விற்கிறார்கள்.

6. ஒரு வாய்

சின்ன வாய். நாக்கின் எல்லாப் பக்கமும் பட விடுங்கள். புது ஷாம்பெய்னின் குமிழி குத்தும். பழையது க்ரீம் போலப் படரும். அடுத்து, கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊற வைக்கும் புளிப்பைக் கவனியுங்கள். ஒயினை இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்த முதுகெலும்பு அது. குளிர்ந்த 2008 ஒயின்களில் புளிப்பு கூர்மையாக நிற்கும். அனல் அடித்து ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிய 2003-ல் புளிப்பு தணிந்து, பழமும் கனமும் முன்னே வரும். முடிந்தால் பக்கத்திலேயே ஒரு சாதாரண கலவை ஷாம்பெய்னும் ஊற்றி மாற்றி மாற்றிச் சுவையுங்கள். எந்தப் புத்தகத்தைவிடவும் அது அதிகம் சொல்லித்தரும்.

7. காத்திருப்பது

ஊற்றியதும் ஒரு குறிப்பு, 20 நிமிடத்தில் ஒன்று, 45 நிமிடத்தில் ஒன்று எழுதுங்கள். மூன்றும் மூன்று வேறு ஒயினைப் பற்றி எழுதியது போல இருக்கும். கூடவே நன்கு முற்றிய கோம்தே சீஸ், வெண்ணெயில் வதக்கிய காளான், ரோஸ்ட் கோழி எதுவும் நன்றாகச் சேரும். கேக் வேண்டவே வேண்டாம். இனிப்பு பட்டதும் ஒயின் புளித்த தண்ணீர் போல ஆகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் கிளாஸை மட்டும் கழுவாதீர்கள். காலையில் எழுந்ததும் அந்தக் காய்ந்த கிளாஸை எடுத்து முகருங்கள். தேனும் வறுத்த பாதாமும் இன்னும் அங்கே இருக்கும்.