டெக்சஸில் சொந்த நிலத்தில் மான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் அதிகமான நிலம் தனியாருக்குச் சொந்தம். அதனால் அங்கே மான் எப்படி வாழ்கிறது, எத்தனை வாழ்கிறது என்பதை அரசைவிட நிலத்துக்காரர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள். ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் மேற்கே ஹில் கன்ட்ரியில், கெர்வில், ஃபிரெடரிக்ஸ்பர்க், லானோ வட்டாரத்தில், இருபது ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு தீனி தூவும் ஃபீடர் ஒன்றை நிறுத்தி, மறைந்திருந்து சுடுவதற்கு பிளைண்ட் என்ற ஒரு கூண்டும் வைத்துவிட்டால் மான் பராமரிப்பு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மானைப் பார்ப்பதற்கு முன்னால் செடியைப் பார்க்க வேண்டும். அந்த நிலம் எத்தனை வாய்க்குத் தீனி தரும் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

பெண் மானைத் தொடாமல் விடுவது

நம் மனசுக்குக் கஷ்டமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கொல்லக் கூடாது, ஆணை மட்டும் எடுப்போம் என்ற எண்ணம் நம்மிடம் மட்டும் இல்லை. டெக்சஸின் பழைய பண்ணைக் குடும்பங்களிலும் அது வெகுகாலம் இருந்தது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதற்குமே வெள்ளைவால் மான்கள் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தன. கண்மூடித்தனமான வேட்டை ஒரு பக்கம், ஸ்க்ரூவர்ம் என்ற ஈ இன்னொரு பக்கம். இந்த ஈ காயத்தில் முட்டையிடும். அதன் புழு உயிருள்ள சதையையே தின்னும். பிறந்த குட்டியின் தொப்புள் ஈரமே அதற்குப் போதும். மலடாக்கிய ஈக்களை விமானத்திலிருந்து தூவித் தூவி, 1980களின் தொடக்கத்தில் அதை டெக்சஸிலிருந்து ஒழித்தார்கள். மாடு வளர்ப்பவர்களுக்காகச் செய்த வேலை அது. ஆனால் மான் குட்டிகளும் சேர்ந்து பிழைத்துக்கொண்டன. ஓநாய்கள் அதற்கு முன்பே போய்விட்டன. ஆக, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மனிதனைத் தவிர வேறு பெரிய கை அங்கே இல்லை.

நல்ல தீனி கிடைக்கும் பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சில வருடங்கள் விட்டுவைத்தால் நிலம் தாங்காது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மரங்களைப் பாருங்கள். தரையிலிருந்து நான்கு, ஐந்து அடி உயரம் வரை இலையே இல்லாமல், கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி ஒரே மட்டமாக இருந்தால், அது மானின் வாய் எட்டும் உயரம். நிலம் வாங்க வருகிறவர்கள் இதைப் பார்த்து “பூங்கா மாதிரி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது” என்பார்கள். பட்டினி கிடக்கும் நிலம் அது. பெரிய ஓக் மரங்கள் நிற்கும். கீழே ஒரு ஓக் கன்றுகூட இருக்காது. முளைத்ததை எல்லாம் மான் தின்றுவிட்டிருக்கும். அந்தப் பெரிய மரங்கள் சாயும்போது அந்த இடத்துக்கு வர எதுவும் இல்லை. வறட்சி வந்தால் முதலில் சாவது குட்டிகள்.

எனவே பெண் மானை எடுக்க வேண்டும், அதாவது சுட வேண்டும், அதுவும் வேட்டை சீசன் தொடங்கியவுடன். ஜனவரி வரை காத்திருந்தால், எடுக்கப்போகிற மான் இரண்டு மாத ஓக் கொட்டைகளைத் தின்று முடித்திருக்கும். மற்றவற்றுக்குக் குளிர்காலத்தில் அது கிடைக்காமல் போகும்.

இதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஃபீடருக்குத் தனியாக, பயமில்லாமல் முதலில் வரும் சின்ன “பெண் மான்” பல நேரம் அந்த வருடத்து ஆண் குட்டியாக இருக்கும். கொம்பு முளைக்கும் இடத்தில் இரண்டு சின்னப் புடைப்பு மட்டும் தெரியும். தனியாக வருவதைச் சுடாதீர்கள். கூட்டமாக வரும் வரை பொறுத்திருங்கள். பக்கத்தில் ஒப்பிட வேறு மான் நிற்கும்போது, உடல் பெரியதாக, முகம் நீளமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குட்டியின் முகம் குட்டையாக இருக்கும். ஆண் குட்டியின் தலை உச்சி தட்டையாகவும் பெண்ணின் தலை உருண்டையாகவும் தெரியும்.

சோளம் போட்டால் போதும் என்ற நம்பிக்கை

மக்காச்சோளம் மானை வரவழைக்கும். அதைக் காப்பாற்றாது. அதில் மாவுச்சத்து நிறைய, புரதம் குறைவு. கொம்புக்கும் பாலுக்கும் வேண்டிய புரதம் காட்டுச் செடிகளிலும், மரம் புதர்களின் இலைகளிலும்தான் இருக்கிறது. வெள்ளைவால் மான் மாடு மாதிரி புல்லை நம்பி வாழும் பிராணி கிடையாது. இளம் தளிர்ப் புல்லைத் தவிர மற்றப் புல் அதன் வயிற்றில் சரியாகச் செரிக்காது. “என் நிலம் முழுக்கப் புல், தீனிக்கு என்ன குறை” என்று சொல்பவர், மானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மலிவு விலைச் சோளத்தில் இன்னொரு ஆபத்து அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. காட்டு விலங்குக்கு விற்கும் தீனியில் அது நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது டெக்சஸின் விதி. மூட்டையில் அந்த உத்தரவாதம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மானைவிடக் காடைக்கும் வான்கோழிக்கும் அது சீக்கிரம் கேடு செய்யும். மழையில் நனைந்து கட்டி தட்டிய சோளத்தைத் தரையில் கொட்டாதீர்கள்.

அப்புறம் நோய். சிடபிள்யூடி என்று சுருக்கமாகச் சொல்லும் மான் மூளைத் தேய்வு நோய் 1967ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. டெக்சஸில் 2012ல் மேற்குக் கோடியில் காட்டு மான்களிடமும், 2015ல் மெடினா கவுண்டியில் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேலிக்குள் வளர்த்த வெள்ளைவால் மான்களிடமும் தெரிந்தது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும். அந்தப் புரதக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். சோளம் போடுவது டெக்சஸில் சட்டப்படி சரிதான். ஆனால் ஒரே இடத்தில் வருடம் முழுக்கப் பல மான்களை மூக்கோடு மூக்காக நிறுத்துவது நோய்க்கு வழி திறப்பது என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். நோய் கண்ட பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு. அவை மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் அந்த வருட அறிவிப்பைப் படியுங்கள்.

நம்ம ஊர்ப் புள்ளிமானைக் கண்டு உருகுவது

ஹில் கன்ட்ரியில் நிலம் வாங்கும் தமிழருக்கு இது ஒரு இன்ப அதிர்ச்சி. கிண்டியிலும் முதுமலையிலும் பார்த்த அதே புள்ளிமான் அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும். ஆக்சிஸ் என்பார்கள். 1930களில் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டி, இப்போது காட்டு மானாகவே பெருகிவிட்டது. இந்தியாவில் அதைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறை. டெக்சஸில் அது வெளியூர் விலங்கு. சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. வேட்டை லைசென்ஸ் மட்டும் வேண்டும்.

பார்க்க அழகாக இருக்கிறதே, நம்ம ஊர் ஞாபகம் வருகிறதே என்று அதைப் பெருக விடுவது பெரிய தவறு. புள்ளிமான் வெள்ளைவால் தின்னும் செடியையும் இலையையும் தின்னும். அவை தீர்ந்தால் புல்லைத் தின்று சமாளித்துக்கொள்ளும். வெள்ளைவாலால் அது முடியாது. கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1971ல் 96 ஏக்கரை வேலியிட்டு, ஆறு வெள்ளைவாலையும் அதேபோல் புல் தின்னக்கூடிய, ஆசியாவிலிருந்து வந்த ஆறு சிகா மான்களையும் சேர்த்து விட்டார்கள். பத்து வருடத்துக்குள் வெள்ளைவால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிகா பெருகியிருந்தது. புள்ளிமானை வைத்துச் செய்தபோதும் கதை அதே பக்கம்தான் போனது. உங்கள் நிலத்தில் எதைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால், முதலில் புள்ளிமானை என்றுதான் சொல்வேன். சாப்பிடுவதற்கும் அது அருமையான இறைச்சி.

இளம் ஆண் மானைச் சுடுவது, ஊசிக் கொம்பைக் கழிப்பது

ஆண் மானின் கொம்பு ஐந்து வயதுக்கு மேல்தான் முழு அளவுக்கு வரும். ஒன்றரை வயதில் எட்டு முனையோடு நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சுட்டால், வளரவிருந்த நல்ல மான்தான் போகிறது. பல கவுண்டிகளில் இதற்குச் சட்டமே உண்டு. இரண்டு கொம்புக்கு இடையே உள்பக்க அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கொம்பாவது கிளைக்காததாக இருக்க வேண்டும். காதை விரைத்து நிற்கும் மானுக்குக் காது நுனிக்கு நுனி ஏறக்குறைய அந்த அகலம்தான். கொம்பு காதுக்கு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். வயதைக் கொம்பில் தேடாதீர்கள், உடம்பில் தேடுங்கள். இளசு ஒல்லியான கழுத்தும் நீண்ட கால்களுமாக இருக்கும். வயதான மானின் கழுத்து நெஞ்சோடு சேர்ந்து தடித்திருக்கும், வயிறு தொங்கும்.

கிளைக்காத கொம்புள்ள மானை “வம்சம் சரியில்லை” என்று கழித்துக் கட்டும் பழக்கமும் உண்டு. தாமதமாகப் பிறந்த குட்டிக்கும், வறட்சி வருடத்தில் வளர்ந்த மானுக்கும் முதல் கொம்பு அப்படித்தான் வரும். தெற்கு டெக்சஸின் கொமான்சி பண்ணையில் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தீவிரமாகக் கழித்துப் பார்த்தார்கள். கொம்பு பெரிதாகவில்லை. மான் கூட்டம்தான் சிறுத்தது. ஐம்பது ஏக்கர்காரர் வம்சத்தைத் திருத்த நினைப்பது வீண் வேலை. ஒரு மான் சுற்றும் பரப்பு நூற்றுக்கணக்கான ஏக்கர். ஒன்றரை வயது ஆண்களில் கணிசமானவை பிறந்த இடத்தை விட்டே மைல் கணக்கில் போய்விடும். அதனால் பக்கத்து நிலத்துக்காரரோடு பேசுவது எந்த ஃபீடரையும்விடப் பயன் தரும். பல கவுண்டிகளில் நிலத்துக்காரர்கள் சேர்ந்து வனவிலங்கு மேலாண்மைச் சங்கம் வைத்திருக்கிறார்கள். சேர்ந்துகொள்ளுங்கள்.

சீடரை மொத்தமாக வழிப்பது

சீடர் என்று எல்லோரும் சொல்லும் ஆஷ் ஜூனிப்பர் புதர்மரம் புல்வெளியை அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதற்காக புல்டோசரை விட்டு மொத்தமாகத் தள்ளாதீர்கள். மானுக்கு மறைவிடம் போய்விடும், சரிவில் மண் கரையும். இன்னொன்று, மத்திய டெக்சஸைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாத தங்கக் கன்ன வார்ப்ளர் என்ற சின்னப் பறவை, முதிர்ந்த சீடரின் உரிந்து தொங்கும் பட்டையை எடுத்துத்தான் கூடு கட்டுகிறது. 1990 முதல் அது அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அதன் வாழிடத்தை அழித்தால் கூட்டரசுச் சட்டம் பாயும். சமவெளியில் புதிதாக முளைத்ததை எடுங்கள். பள்ளத்தாக்கிலும் சரிவிலும் ஓக்கோடு கலந்து நிற்கும் பழைய மரங்களை விட்டுவிடுங்கள்.

“என் நிலம்தானே”

நிலம் உங்களுடையது. மான் மாநில மக்களுடையது. டெக்சஸில் சொந்த நிலத்தில் வெள்ளைவால் எடுக்கவும் லைசென்ஸ் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரைதான் நேரம். மான் விழுந்தவுடன், லைசென்ஸோடு வரும் டேக் என்ற சீட்டை நிரப்பி அதோடு இணைக்க வேண்டும். கவுண்டிக்குக் கவுண்டி எண்ணிக்கை வேறு.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பர் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன் என்பதுகூடக் குடியேற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம். முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

சின்ன நிலத்தில் இன்னும் ஒரு கவலை தோட்டா போகும் தூரம். வேட்டையில் உங்கள் தோட்டா பக்கத்து நிலத்தின் எல்லையைத் தாண்டினால், அந்த உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தராத பட்சத்தில், அது குற்றம். பிளைண்டை வைக்கும்போதே மானுக்குப் பின்னால் மண் மேடு இருக்கும் திசையைப் பாருங்கள். அடிபட்ட மான் வேலி தாண்டினால், கேட்காமல் பின்தொடர்ந்து போகாதீர்கள்.

வரிச் சலுகையைக் கனவு கண்டு வாங்குவது

விவசாய மதிப்பீட்டில் இருக்கும் நிலத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மாற்றிக்கொண்டு அதே குறைந்த சொத்து வரியைத் தொடரலாம். 1995ல் வாக்காளர்கள் அனுமதித்த ஏற்பாடு இது. ஆனால் நிலம் ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏழு வகை வேலைகளில் குறைந்தது மூன்றை வருடந்தோறும் செய்ய வேண்டும்: வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, இரைகொல்லிக் கட்டுப்பாடு, தண்ணீர், தீனி, புகலிடம், கணக்கெடுப்பு. சும்மா மான் நடமாடினால் போதாது. பெரிய பண்ணையைத் துண்டு போட்டு விற்றதில் பதினைந்து ஏக்கர் வாங்கினால், குறைந்தபட்சப் பரப்பு விதியில் சிக்கி விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30.

சுட்ட பிறகு

டெக்சஸ் நவம்பரில் மதியம் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மானைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டியில் போட்டு வைத்தால் இறைச்சி கெடத் தொடங்கலாம். குடலை உடனே எடுத்து, உள்ளே ஐஸ் வைத்து, 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள். உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறக் கூடாது. கூலரின் வடிகாலைத் திறந்தே வையுங்கள். மூளை, தண்டுவடம், நிணநீர் முடிச்சுகளைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். நோய்ப் பகுதியில் எடுத்த மான் என்றால் பரிசோதனை முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியாக உறைய வையுங்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மிச்ச எலும்பையும் தலையையும் வேறு கவுண்டியில் வீசாதீர்கள். சுட்ட நிலத்திலேயே ஆழமாகப் புதையுங்கள்.

மானிறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறி மாதிரி நினைத்து முதுகுக் கறியை நேரம் போகச் சுக்கா வறுத்தால் ரப்பராகிவிடும். அதைச் சூடான கல்லில் சீக்கிரம் புரட்டி எடுங்கள். தொடையையும் கழுத்தையும் குக்கரில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மெதுவாக வேகவிடலாம். வீட்டுக்குத் தேவைக்கு மேல் பெண் மான் எடுக்க வேண்டிய நிலம் என்றால், ஹண்டர்ஸ் ஃபார் த ஹங்ரி திட்டத்தில் சேர்ந்திருக்கும் இறைச்சிக் கடைகள் அதை நன்கொடையாகப் பெற்று, உணவு வங்கிகளுக்கு அனுப்பிவைக்கும். உங்கள் பக்கத்தில் எந்தக் கடை சேர்ந்திருக்கிறது என்று சீசனுக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.