ஆரம்ப சுகாதார நிலையத்தை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் என்பதே அளவுகோல். இருந்தும், மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காகவே பெரிய மருத்துவமனைக்குப் பேருந்து ஏறுவோர் பலர். அங்கே வரிசை நீள நீள, மாரடைப்போடும் விபத்துக் காயத்தோடும் வருபவருக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவரின் நேரம் சுருங்குகிறது.

முப்பது வயதைக் கடந்தவர் முதலில் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைச் சந்தித்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை 140/90 என்று காட்டியதும் அஞ்ச வேண்டாம். வேறொரு நாளிலும் அளந்து பார்த்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார்.

நோய் உறுதியானால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் (இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை) பதிவேட்டில் பெயர் ஏறியிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருவது இந்தப் பதிவின் அடிப்படையில்தான். நிலையத்துக்கு எவ்வளவு மருந்து தேவை என்பதும் அங்கே பதிவாகும் பயன்பாட்டைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் தொடர்ந்து வாங்குவது அடுத்தவருக்கும் மருந்து இருக்க வழிசெய்கிறது. இலவச மாத்திரைக்கு வீரியம் குறைவு என்று சொல்லக் கேட்டு மனம் வருந்தியிருக்கிறேன். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் கொள்முதல் செய்யும் மருந்துகளின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே வழங்குகிறது. அளவு சீராகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டால், பரிந்துரைச் சீட்டில் இதுவரை எடுத்த மருந்துகளும் அளவுகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சிகிச்சை முடிந்து திரும்பியதும், மருத்துவமனை தரும் வெளியேற்றச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். மாற்றப்பட்ட மருந்தும் அடுத்த பரிசோதனைத் தேதியும் அவருக்குத் தெரியாவிட்டால், பழைய மாத்திரையே தொடர்ந்து வந்து சேரும்; சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், திடீரென வாய் குழறுதல் ஆகியவற்றுக்கு இந்த வரிசைமுறை பொருந்தாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

மருந்துத் தட்டுப்பாடோ செவிலியர் பணியிடக் காலியோ இருந்தால், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து, தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.