சர்வே கேள்விகளை நாமே எழுதுவது எப்படி? ஒரு காபிப்பொடிக் கடையை வைத்து விளக்கம்

மேற்கு மாம்பலத்தில் என் சித்தப்பா மகன் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறான். வேளச்சேரிப் பக்கம் இன்னொரு கடை போடலாமா என்று யோசனை. ஒரு சர்வே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று விசாரித்தால், கேட்ட தொகைக்கு ஒரு புது அரவை மெஷினே வாங்கிவிடலாம் போலிருந்தது. சரி, நாமே செய்வோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அதை ஒட்டி எழுதியதுதான் இது. மாவுக் கடை, டியூஷன் சென்டர், தையற்கடை என்று எதற்கும் இதே வழி செல்லும்.

கூகுள் ஃபார்ம்ஸைத் திறப்பது, லிங்க் அனுப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முடிவை முதலில் எழுதுங்கள்

ஃபார்மைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், இந்த சர்வே முடிந்ததும் என்னென்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் தாளில் மூன்று இருந்தன: வேளச்சேரியில் கடை போடுவதா, எந்தக் கலவையை முன்னால் வைப்பது, 200 கிராம் பாக்கெட்டுக்கு என்ன விலை.

இனி எந்தக் கேள்வி எழுதினாலும் அது இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். "உங்களுக்குப் பிடித்த காபி ஹோட்டல் எது?" என்று தம்பி ஒன்று எழுதியிருந்தான். கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பதில் வந்தாலும் அவன் செய்யப் போவது ஒன்றேதான் என்பதால் அடித்துவிட்டோம். இப்படி அடித்துக்கொண்டே போனால் ஏழெட்டு நிமிடத்தில் முடிகிற அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு மேல் போனால் பாதியில் கதவைச் சாத்துவார்கள்.

படி 2: யாரிடம் கேட்பது

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டால் ஒரே நாளில் நூறு பதில் வரும். அந்த நூறும் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜெஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். டெலிபோன், கார் வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பிடித்துப் போனது ஒரு காரணம். பதில் எழுதி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது இன்னொரு காரணம்.

அதனால் இடத்தையும் ஆளையும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இத்தனை பேர், உள்தெருத் தனி வீடுகளில் இத்தனை பேர், ஐடி வேலைக்குப் போய் வாடகைக்கு இருப்பவர்கள் இத்தனை பேர் என்று. எத்தனை பேர் போதும் என்றால், குலுக்கல் முறையில் எடுத்த மாதிரியாக இருந்தால் 95 சதவீத நம்பிக்கையில் 5 புள்ளி முன்பின் தவறுக்கு (அதாவது 40 சதவீதம் என்று வந்தால் உண்மை 35-க்கும் 45-க்கும் நடுவே இருக்கும் என்று நூற்றில் 95 தடவை நம்பலாம்) 384 பேர், 10 புள்ளிக்கு 96 பேர் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நாம் எடுப்பது குலுக்கல் இல்லை என்பதால் அந்த எண்ணைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். ஒரு பிரிவைத் தனியாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பிரிவிலேயே போதிய ஆட்கள் இருக்க வேண்டும், அதைப் பாருங்கள்.

ஃபார்மின் தொடக்கத்தில் இரண்டு வடிகட்டும் கேள்விகள் போதும். வீட்டில் காபிப்பொடி வாங்குவது யார்? வீட்டில் யாராவது காபி வியாபாரத்திலோ விளம்பரத் துறையிலோ சர்வே வேலையிலோ இருக்கிறார்களா? முதலாவதற்கு "நான் இல்லை" என்றாலோ, இரண்டாவதற்கு "ஆமாம்" என்றாலோ நன்றி சொல்லி முடித்துவிடலாம்.

படி 3: கேள்வி எழுதுவது

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. நானும் இங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்தேன்.

"நீங்கள் சிக்கரி கலந்த காபி குடிப்பவரா, கலக்காததா?" என்பது தம்பியின் முதல் கேள்வி. சோதனைக்கு எங்கள் மாடியில் இருக்கும் மாமியிடமே கேட்டோம்.

"எங்காத்துல ப்யூர் காபிதான். சிக்கரியெல்லாம் தொடறதே இல்லை" என்றார்.

"அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டறேளா மாமி?"

உள்ளே போய் எடுத்து வந்தார். ஒரு மூலையைக் கத்தரித்து ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட். பின்பக்கம், மடிப்புக்குள், பொடி எழுத்தில்: காபி 70, சிக்கரி 30. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, "இது போன மாசம் மட்டும்" என்றார்.

மாமி பொய் சொல்லவில்லை. நம் ஊரில் சிக்கரி கலந்தால் மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, கேள்வி நேராக அதைப் போய்த் தொடுகிறது. எது மரியாதையான பதிலோ அது வருகிறது. இத்தனைக்கும் கலவை சட்டப்படி சரியான பண்டம்தான். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றினோம்: "இப்போது வீட்டில் இருக்கும் காபிப்பொடிப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதில் காபி, சிக்கரி எவ்வளவு என்று போட்டிருக்கிறது?" இதற்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகுதான் தம்பி 80:20, 70:30 இரண்டையும் முன் வரிசைக்குக் கொண்டுவந்தான்.

(பின்சேர்க்கை: கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்குபவர்களிடம் அச்சடித்த பாக்கெட்டே இருக்காதே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவர்களிடம் "கடையில் என்ன சொல்லிக் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். "எண்பது இருபது, கால் கிலோ, ஃபில்டருக்கு" என்று கவுன்ட்டரில் சொல்வதை அப்படியே சொல்லிவிடுவார்கள்.)

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி: நினைப்பதைக் கேட்காதே, செய்ததைக் கேள். மற்றவை பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

"மாதத்துக்கு எவ்வளவு பொடி வாங்குவீர்கள்?" என்றால் மனக்கணக்குப் போட்டு ஒரு எண் சொல்வார்கள். "கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எத்தனை கிராம், எந்தக் கடையில்?" என்றால் நினைவிலிருந்து சொல்வார்கள். பல பேரிடம் இதைக் கேட்டுச் சேர்த்தால் மாத அளவை நாமே கணக்கிடலாம். ஊரிலிருந்து விருந்தாளி வந்த வாரம், பொங்கல் வாரம் இதில் மட்டும் கேட்காதீர்கள், எண் ஏறிவிடும்.

"உங்கள் ஏரியாவில் புதுசா அரைத்துத் தரும் கடை வந்தால் வாங்குவீர்களா?" இதற்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. வீடு தேடி வந்து நிற்கிற பையனிடம் "கண்டிப்பா தம்பி" என்பதுதான் வாயில் வரும். அந்த "கண்டிப்பா"வை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இதற்குப் பதில், கடைசியாகப் பொடி வாங்க எவ்வளவு தூரம் போனார்கள், நடந்தா வண்டியிலா, வேறு வேலையோடு சேர்த்தா என்று கேட்டோம். மாம்பலத்துக்கு வந்து வாங்கிப் போகிறவர்கள் வேளச்சேரியில் எவ்வளவு பேர் என்பது அதில் தெரிந்தது.

"பொடியின் மணமும் விலையும் திருப்தியா?" இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டியது. மணம் பிடித்து விலை பிடிக்காதவர் எதை டிக் செய்வார்? "மணமும்" "விலையும்" என்று உம் வரும் இடமெல்லாம் நிறுத்திப் பாருங்கள், பாதி இடத்தில் இந்தக் கோளாறு இருக்கும்.

கேள்வியின் சாய்வும் அப்படியே. 1941-இல் டொனால்ட் ரக் என்பவர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதியினரைக் கேட்டபோது 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு பகுதியினரைக் கேட்டபோது தடை செய் என்றவர்கள் 46 சதவீதம்தான். விஷயம் ஒன்றேதான். "கெமிக்கல் கலக்காத, அன்றன்று அரைத்த பொடி வேண்டுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லவே வேண்டாம்.

விடைகளுக்கு ஒரு வரி: 100–200, 200–500 என்று போட்டால் 200 கிராம் வாங்குபவர் எங்கே போவார்? எல்லை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பாருங்கள்.

படி 4: விலை

"எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று நேராகக் கேட்டால் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் சிபாரிசு செய்வது 1976-இல் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் கொடுத்த முறை. பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு நான்கே கேள்வி:

1. எந்த விலைக்கு மேல் போனால் இதை வாங்கவே மாட்டீர்கள்?
2. எந்த விலைக்குக் கீழே இருந்தால் தரத்தில் சந்தேகம் வரும்?
3. எந்த விலையில் "ஜாஸ்திதான், ஆனாலும் வாங்கலாம்" என்று தோன்றும்?
4. எந்த விலையில் "நல்ல விலைக்குக் கிடைச்சுது" என்று தோன்றும்?

விடைக்குப் பட்டியல் கொடுக்காதீர்கள், எண்ணை அவர்களே சொல்லட்டும். ஒருவரின் நான்கு எண்களும் சந்தேக விலை, நல்ல விலை, ஜாஸ்தி விலை, வாங்கமாட்டேன் விலை என்று ஏறுவரிசையில் வர வேண்டும். குழம்பியிருந்தால் அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு, "இந்த விலையில் எத்தனை சதவீதம் பேருக்குச் சந்தேகம் வரும்", "எத்தனை சதவீதம் பேர் வாங்கவே மாட்டார்கள்" என்று இரண்டு கோடு வரைந்தால் அவை வெட்டும் இடம், எதிர்ப்பு மிகக் குறைவாக இருக்கும் விலை. ஆனால் பக்கத்துக் கடை என்ன விலைக்கு விற்கிறது என்பது இந்த முறைக்குத் தெரியாது. அதைப் போய்ப் பார்த்து வர வேண்டியது உங்கள் கால்தான்.

(பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவருக்கு எண்கள் இரண்டு குவியலாக வந்தனவாம். பாதிப் பேர் அரை கிலோ விலையைச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த 200 கிராம் பாக்கெட்" என்று ஒவ்வொரு கேள்வியிலும் திரும்பச் சொல்லுங்கள், அலுப்பாக இருந்தாலும்.)

படி 5: வரிசையும் அளவுகோலும்

எளிதான, நடந்ததைக் கேட்கும் கேள்விகள் முதலில். உங்கள் கடைப் பெயர் வருகிற கேள்வி பின்னால். அதை முன்னால் வைத்தால் அப்புறம் "உங்களுக்குத் தெரிந்த காபிக் கடைகளைச் சொல்லுங்கள்" என்பதற்கு எல்லோரும் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

வருமானம் கடைசியில், அதுவும் கேட்டே ஆக வேண்டும் என்றால். ரூபாய் கணக்கு கேட்டால் முகம் மாறும். 2011-இல் இந்திய ஆய்வுத் துறை கொண்டுவந்த என்சிசிஎஸ் முறை, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 பொருட்கள் கொண்ட பட்டியலில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்தே குடும்பத்தை வகைப்படுத்தியது. ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டூவீலர், ஏசி என்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

ரென்சிஸ் லைகர்ட் 1932-இல் தொடங்கிவைத்த ஐந்து படி அளவுகோலை ("ரொம்பத் திருப்தி" முதல் "துளியும் திருப்தியில்லை" வரை என்பது போல) பயன்படுத்தினால் ஐந்துக்கும் சொல்லாலேயே பெயர் வையுங்கள். நடுவில் "பரவாயில்லை" வேண்டாம். ஒருவர் அதைப் பாராட்டாகச் சொல்வார், இன்னொருவர் சலிப்பாகச் சொல்வார்.

பெயர், போன் நம்பர் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள். கேட்டால் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே நிறைவேறிவிட்டது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். டியூஷன் சென்டர்காரர்கள் கவனிக்க.

படி 6: சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்

பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துவிட்டு, "இது என்ன கேட்குதுன்னு உங்க பாஷையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "தங்களது நுகர்வுப் பழக்கம் யாது?" போன்ற வரிகள் இங்கே தானாக உதிரும். படிக்கும்போது உங்கள் நாக்கே தடுக்கினால் அந்த வரியை மாற்றிவிடுங்கள். வீடுகளுக்குப் போக மாலை நாலரைக்கு மேல் நல்ல நேரம், சீரியல் தொடங்குமுன் கிளம்பிவிடுங்கள்.

எந்தக் கருவி?

லிங்க் அனுப்புவதற்கு கூகுள் ஃபார்ம்ஸ். வீடு வீடாகப் போவதற்கு கோபோ டூல்பாக்ஸ்தான் என் கட்சி. ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலே பதிலைச் சேர்த்து வைக்கும், ஒரே ஃபார்மில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் வைக்கலாம். கேள்விகளை எக்செல் தாளில் எழுதி ஏற்றுவது முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

கூகுள் ஃபார்ம்ஸில் மூன்று இடம் கவனிக்க வேண்டும். பதிலைப் பொறுத்து வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி, ஒரே விடை தேர்ந்தெடுக்கும் கேள்விக்கும் டிராப்டவுனுக்கும் மட்டும்தான், செக்பாக்ஸுக்குக் கிடையாது. அப்படி அனுப்பிய பகுதி முடிந்ததும் எங்கே போக வேண்டும் என்பதைப் பகுதியின் அடியில் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் "காபி குடிப்பதில்லை" என்றவரிடமும் அடுத்த பகுதியில் சிக்கரி பற்றிக் கேட்கும். மூன்றாவது, விடைகளைக் கலைத்துப் போடும் வசதியை கடைப் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் வையுங்கள். கிராம் பட்டியலுக்கு வைத்தால் 500-க்கு அடுத்து 100 வந்து நிற்கும். நீங்களாகத் தட்டிய "தெரியாது" என்ற விடையும் நடுவில் போய்ச் சொருகிக்கொள்ளும்.

படி 7: பதிலைத் திறப்பது

பதில்களை சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியலாம். தரவு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். எக்செலில் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, எழுத்து வகையில் 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஃபார்மை கூகுள் ஷீட்டோடு இணைத்து, அங்கிருந்து எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.