ஜி.எஸ்.டி காசு யாருக்குக் கிடைக்கும்?

கடையில் பில்லின் அடியில் வரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அது 13 வீதம். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு இதை ஈடுகட்டக் கொஞ்சம் பணம் தருகிறது. அதைத்தான் எங்கள் ஆட்கள் ஜி.எஸ்.டி (பொருள், சேவை வரி) காசு என்பார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் 5ஆம் திகதியை ஒட்டி வரும்.

"பி.ஆர் (நிரந்தர வதிவுரிமை) இல்லையே, எனக்கெங்கே கிடைக்கப் போகிறது" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பி.ஆர் கட்டாயமில்லை. மாணவர் விசாவில் வந்தவர், வேலை அனுமதியில் இருப்பவர், அகதிக் கோரிக்கை வைத்தவர் என்று யாராக இருந்தாலும், வரிக்கணக்கில் கனடாவாசியாக இருந்தால் போதும். வீடு எங்கே, குடும்பம் எங்கே என்பதை வைத்துத்தான் அதைத் தீர்மானிப்பார்கள். காசு வரும் மாதத்துக்கு முந்தைய மாதமும், காசு வரும் மாதத்தின் தொடக்கத்திலும் அப்படி இருக்க வேண்டும். வயது 19 ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டாலும் துணைவரோ கூட வாழும் பிள்ளையோ இருந்தால் சரி.

குழப்பம் பிள்ளைகளுக்கான உதவித்தொகையால் வருகிறது. தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் அதற்கு 18 மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த விதியை இதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வந்த வருடத்தில் காசு தானாக வராது. பிள்ளைகள் இல்லாதவர்கள் ஆர்.சி.151 படிவம் நிரப்பி, சி.ஆர்.ஏ என்ற கனடா வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஆர்.சி.66, அதன் இணைப்போடு. இங்கே வருவதற்கு முன் ஊரில் உழைத்ததையும் கேட்பார்கள். ரூபாயைக் கனடிய டொலருக்கு மாற்றி எழுதுங்கள். ஒன்றும் உழைக்கவில்லை என்றால் பூச்சியம் போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், நீங்கள் ஸ்காபரோவில் தனியாக இருக்கிறீர்கள் என்று வையுங்கள். படிவத்தில் 'திருமணமானவர்' என்றுதான் போட வேண்டும். 'பிரிந்து வாழ்பவர்' என்பது உறவு முறிந்து 90 நாளாவது ஆனவர்களுக்கு. மனைவியின் வருமானத்தையும் காட்ட வேண்டும். பிறகு ஸ்பொன்சர் செய்யும்போது பழைய படிவத்தில் வேறு கதை இருந்தால் தலையிடி உங்களுக்குத்தான்.

அடுத்த வருடத்திலிருந்து வரிக்கணக்கே விண்ணப்பம். ஏப்ரல் 30க்குள் போடுங்கள், வருமானம் பூச்சியமாக இருந்தாலும். மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்துகொடுக்கும் முகாம்கள் உண்டு. ஒரு எளிய கணக்குக்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. கணவன் மனைவி இருவரும் போட வேண்டும், ஆனால் காசு ஒருவர் பெயரில்தான் வரும்.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை தனி ஆளுக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 533 டொலர், தம்பதிக்கு 698, 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 184. குடும்ப வருமானம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், ஏற ஏற இது குறைந்துகொண்டே போகும்.

"உங்கள் ஜி.எஸ்.டி காசு தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று போனுக்கு வரும் செய்தி மோசடி. சி.ஆர்.ஏ ஈ-ட்ரான்ஸ்பரில் பணம் அனுப்புவதில்லை. வங்கிக் கணக்கில் நேரடியாக விழும்படி பதிந்துவிடுங்கள். அப்புறம், புதிதாக வந்தவர்கள் பேஸ்மென்ட் விட்டு பேஸ்மென்ட் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சி.ஆர்.ஏயிடம் முகவரியை மாற்றுங்கள். கடிதம் திரும்பிப் போனால் காசும் நின்றுபோகலாம்.