பனம்பழத்தில் இருந்து ஒரு நிறச் சோடி

ஜப்பானில் ஹெய்யான் காலத்து (794–1185) அரண்மனைப் பெண்கள் உடுப்புகளை அடுக்கடுக்காக உடுத்தார்கள், அந்த நிற அடுக்குகளுக்குப் பெரும்பாலும் பூக்களின், செடிகளின் பெயர்களை வைத்தார்கள்; 'ஃபுஜி' (ஊதாப் பூக்கொத்துகள் தொங்குகிற ஒரு கொடி) என்றால் வெளியே வெளிர் ஊதா, உள்ளே பச்சை. வன்னியில் இருந்துகொண்டு நாங்களும் இதைச் செய்யலாம். ஆவணியில் விழுகிற பனம்பழம் ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பிளந்து பாருங்கள்: தோல் வெறும் கறுப்பு இல்லை, மண்ணிறம் கலந்த கறுப்பு, உள்ளே கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள் தும்பு. அந்த இரண்டையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் பூசுங்கள். சம அளவில் பூசினால் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். கறுப்பை நிறைய விட்டு, செம்மஞ்சளை ஒரு கீற்றாக மட்டும் வையுங்கள், எனக்கு அதுதான் வடிவு. சரி, பிறகு அதற்கு ஒரு பெயர் வையுங்கள். விடியப்புறம் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் அடுத்த சோடி கிடைக்கும்.