பத்து நொடித் துண்டும் பாதித் தீர்ப்பும்: பெண்கள் இண்டி ரெஸ்லிங் பேசுவோர் தவிர்க்க வேண்டியவை

மதுரையில் தல்லாகுளம், அண்ணா நகர் பக்கம் மொட்டை மாடியில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்காவின் ஷிம்மர், இங்கிலாந்தின் ஈவ், ஜப்பானின் ஸ்டார்டம் என்று பெண்கள் ரெஸ்லிங் ஷோ பார்க்கும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். டபிள்யூடபிள்யூஇ பார்த்து வளர்ந்து, அதற்கு அப்பால், பெரிய நிறுவனம் சாராத 'இண்டி' உலகில் என்ன இருக்கிறது என்று தேடி வந்தவர்கள். ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஷோ முடிந்த பிறகு நடக்கும் பேச்சில், இவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள்.

"இதெல்லாம் நிஜ அடியா?" என்ற கேள்விக்குள் போகவில்லை. ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தால் அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் வருடக்கணக்கில் தொடரும் தவறுகள் வேறு.

டிரம்ப் கார்டு கணக்கு

ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடியது எத்தனை, ஜெயித்தது எத்தனை. பெட்டிக்கடையில் வாங்கிய ரெஸ்லிங் டிரம்ப் கார்டு கற்றுக்கொடுத்த பார்வை இது. நம் ஊரில் பலருக்கு இன்னும் போகவில்லை. முடிவு முன்கூட்டியே தீர்மானமாகும் ஆட்டத்தில், ஜெயித்த எண்ணிக்கை ஒருவரின் திறமையைக் காட்டாது. ஷோ நடத்துபவர் அவரை எங்கே நிறுத்த நினைத்தார் என்பதைத்தான் காட்டும். திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் எதிராளியைப் பாருங்கள். ஒருவரோடு மோதும்போதெல்லாம் எதிராளி வழக்கத்தைவிட நன்றாகத் தெரிகிறாரா? அப்படியென்றால் கெட்டிக்காரர் இவர்தான். ஷிம்மரின் முதல் சாம்பியன் சாரா டெல் ரே 2007இல் பெல்ட் வாங்கினார். 2012இல் டபிள்யூடபிள்யூஇ அவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி பெல்ட் எண்ணிக்கையில் இல்லை.

கவிதா தேவியைப் பற்றிய பேச்சிலும் இதே கோளாறு. ஹரியானாவைச் சேர்ந்த அவர் 2016 தெற்காசியப் போட்டியில் எடை தூக்குதலில் தங்கம் வென்றவர், ஜலந்தரில் கிரேட் காளியின் பள்ளியில் பழகியவர். டபிள்யூடபிள்யூஇ நடத்திய 2017 'மே யங் கிளாசிக்' பெண்கள் போட்டியில் சல்வார் கமீஸோடு இறங்கி டகோட்டா கையிடம் தோற்றார். "தங்கம் வாங்கினவங்க எப்படித் தோக்கலாம்?" என்று இன்னும் கேட்கிறார்கள். டகோட்டா கை அதற்கு முன்பே ஈவி என்ற பெயரில் ஷிம்மரிலும் ஸ்டார்டத்திலும் ஆடித் தேறியவர். கவிதாவின் வலு அந்த ஆட்டத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில் எதிரே நின்றவரின் அனுபவத்துக்கும் பங்கு உண்டு.

வெளியான தேதியை நடந்த தேதியாக எடுத்துக்கொள்வது

ஷிம்மர் 2005 நவம்பர் 6 அன்று இல்லினாய் மாநிலத்தின் பெர்வின் நகரில் தொடங்கியது. அந்த ஒரே நாளில் முதல் இரண்டு டிவிடிகளுக்கான ஆட்டங்களும் படமாகின. அதன் பிறகும் ஒரு வார இறுதியில் பல பாகங்களை எடுத்து வைத்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியிடுவதே அவர்கள் வழக்கமாக இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல், "போன பாகத்தைவிட இதில் மந்தம், பயிற்சி குறைஞ்சிருச்சு" என்று எழுதுகிறார்கள். அந்த வீராங்கனை ஒரே நாளில் காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம் ஆடியிருக்கலாம். ஆட்டத்தை மதிப்பிடும் முன் படமான தேதியையும், அதே நாளில் அவருக்கு வேறு ஆட்டம் இருந்ததா என்பதையும் பாருங்கள்.

முதல் மேட்சை மெயின் ஈவென்ட்டோடு ஒப்பிடுவது

முதல் ஆட்டத்தின் வேலை கூட்டத்தைச் சூடாக்குவது மட்டுமே. எட்டு, பத்து நிமிடத்தில் முடிந்தால் அதுதான் சரி. கடைசி ஆட்டத்துக்கென்று வைத்திருக்கும் பெரிய நகர்வுகளை அங்கே யாரும் செலவழிக்கக் கூடாது.

சொதப்பல் கிளிப்

எல்லாவற்றிலும் அதிக சேதம் செய்வது இதுதான். இன்றும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

பதினைந்து நிமிட ஆட்டத்தில் ஒரு நகர்வு சறுக்குகிறது. அந்தப் பத்து நொடியை மட்டும் வெட்டி, ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு, சிரிப்பு ஸ்டிக்கரோடு வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். மறுநாள் "அவங்க வேஸ்ட்டுண்ணே, ஒரு சூப்ளெக்ஸ்கூட ஒழுங்காப் போடத் தெரியல" என்பது ஊரறிந்த தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்புச் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதன் விலை யார் தலையில் விழுகிறது என்று யோசியுங்கள். இண்டி ரெஸ்லருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்ற தொகை, இடைவேளையில் மேசை போட்டு விற்கும் டி-ஷர்ட், கையெழுத்திட்ட போட்டோ, அடுத்த ஷோவுக்கு வரும் அழைப்பு: இவ்வளவுதான் வருமானம். ஷோ நடத்துபவர்களும் கிளிப் பார்ப்பவர்கள்தான். ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்ட சொதப்பல் கிளிப், ஒரு அழைப்பு வராமல் போகக் காரணமாகலாம்.

அதைவிட முக்கியம், பெரும்பாலும் தவறான ஆளின் பெயரைத்தான் போடுகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், தனித்தனியாகப் பேசி வரவழைத்திருப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் சேர்கிறார்கள். இருவரும் ஒரே மரபில் பழகியவர்கள் என்பதால் நாடகம் நிற்கிறது. இண்டி ஷோவும் இதே ஏற்பாடுதான். வேறு வேறு ஊரில் பழகிய இருவர் அன்று பகலில் சந்தித்து, முடிவையும் சில முக்கிய நகர்வுகளையும் பேசிக்கொள்கிறார்கள். மிச்சத்தை ரிங்குக்குள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனவே ஒவ்வொரு நகர்வும் இரண்டு பேரின் வேலை. வாங்குபவர் சும்மா வாங்குவதில்லை.

எதிராளியைத் தலைகீழாகத் தூக்கிப் பின்பக்கம் சாய்க்கும் வெர்டிகல் சூப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குபவர் எதிராளியின் தலையைக் கக்கத்தில் இடுக்கி, அவர் கையைத் தன் கழுத்தின்மேல் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் உடம்பு எழும்பும் வேகத்தில் பெரும்பங்கு, தூக்கப்படுபவர் இரண்டு காலாலும் எம்புவதில்தான் இருக்கிறது. எம்பல் அரை நொடி தவறினால் தூக்கியவர் தடுமாறுவார். கிளிப்பில் பெயர் வாங்குவதும் அந்தத் தூக்கியவர்தான்.

கயிற்றுக்கு வெளியே பாயும் டைவில் இது இன்னும் ஆபத்தானது. காற்றில் போன பிறகு பாய்ந்தவரால் திசை மாற்ற முடியாது. கீழே நிற்பவர் முன்னே வந்து, கையை விரித்து, மார்பில் வாங்கி, அவரோடு சேர்ந்து விழ வேண்டும். பிடிக்க வேண்டியவர் ஓரடி பின்வாங்கினால் பாய்ந்தவரின் முகம் தரையில் மோதும். அதைப் பார்த்துவிட்டு "பாயத் தெரியல" என்கிறார்கள். கயிற்றின் மேலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து விழும் மூன்சால்ட்டில், படுத்திருப்பவர் மூலையிலிருந்து சரியான தூரத்தில் கிடக்கிறாரா என்று பாருங்கள். கால்களால் எதிராளியின் தலையை இடுக்கிப் புரட்டும் ஹரிகேன்ரானாவில், தோளில் ஏறியவரின் எடையைக் கீழே நிற்பவர் முழங்கால் வளைத்துத் தாங்கி, பிறகு தானே சுழன்று கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது குற்றவாளி ரிங். டபிள்யூடபிள்யூஇ ரிங் 20 அடி சதுரம். இண்டி ரிங் பல இடங்களில் 18 அடி அல்லது 16 அடி. பெரிய ரிங்கில் ஓடிப் பழகிய கால், சின்ன ரிங்கில் கயிற்றை ஓர் அடி முன்னதாகவே சந்திக்கும். கயிறும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் டேப் சுற்றிய நிஜக் கயிறு, சில இடங்களில் ரப்பர் ஹோஸுக்குள் ஓடும் எஃகுக் கம்பி. ஷோ போகப் போக இழுவை தளரும். ஆறாவது ஆட்டத்தில் ஒருவர் நடுக்கயிற்றில் ஏறித் தாவும்போது வழுக்கினால், முதல் ஐந்து ஆட்டங்களில் கயிறு எவ்வளவு ஆடியது என்று திரும்பிப் பாருங்கள்.

சறுக்கலைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிப் பாருங்கள். சறுக்கலுக்கு 30 நொடி முன்னாலிருந்து பாதி வேகத்தில் ஓட விடுங்கள். முதல் தடவை தூக்குபவரின் பாதம். இரண்டாம் தடவை வாங்குபவரின் கையும் எம்பலும். மூன்றாம் தடவை ரெஃப்ரி மட்டும். ரெஃப்ரி குனிந்து கையைப் பிடிக்கிறார் என்றால் நலம் விசாரிக்கிறார். விழுந்தவர் பதிலுக்கு அழுத்தினால் ஆட்டம் தொடரலாம். ரெஃப்ரி தன் தலைக்கு மேல் இரு கையையும் பெருக்கல் குறிபோல வைத்தால் நிஜக் காயம் என்ற சைகை. கதைக்காகவும் சில நேரம் அதைப் பயன்படுத்துவார்கள். ஆனாலும் தெளிவாகத் தெரியும்வரை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கேலியை நிறுத்துங்கள்.

சறுக்கலுக்குச் சற்று முன் தலையில் அடி விழுந்ததா என்பதையும் தேடுங்கள். இது மிக முக்கியம். பின்பக்கம் விழும்போது தாடையை மார்போடு ஒட்டி, மேல்முதுகும் உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். தாடை தூக்கியிருந்தால் பின்மண்டை மோதும். அப்படி மோதியவர் அடுத்த சில நிமிடங்களில் நகர்வுகளை மறக்கலாம், தவறான பக்கம் ஓடலாம், நிற்கும்போது தள்ளாடலாம். அது மூளை அதிர்ச்சியின் அடையாளமாக இருக்கலாம். அதைப் போய் சொதப்பல் என்று சிரிப்பது கொடுமை.

சறுக்கலுக்கு அடுத்த முப்பது நொடிதான் ஒருவரின் தேர்ச்சி தெரியும் இடம். நல்ல ரெஸ்லர் உடனே தலையையோ தாடையையோ கையால் இறுக்கிப் பிடிக்கும் ஹெட்லாக்கோ சின்லாக்கோ போட்டு, முகத்தை எதிராளியின் காதோடு மறைத்து, அடுத்தது என்ன என்று சொல்வார். அல்லது தவறி விழுந்த காலையே கதையாக்கி, மிச்ச ஆட்டம் முழுவதும் நொண்டுவார். கிளிப் வெட்டுபவர்கள் சரியாக அதற்கு முன்னால் வெட்டிவிடுகிறார்கள்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: "பதினோராவது நிமிடத்தில் டைவைப் பிடிப்பதில் தடுமாற்றம். ரெஃப்ரி இருவரையும் பார்த்தார். அதன்பின் ஹெட்லாக்கில் நிதானித்து முடிவுவரை வேகம் குறையாமல் போனார்கள்." இதில் நடந்தது இருக்கிறது, யார் தலையிலும் பழி இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2015 பிப்ரவரி 22, டோக்கியோ கொராக்குவென் ஹாலில் ஸ்டார்டம் நடத்திய சாம்பியன்ஷிப் ஆட்டம். சாம்பியன் யோஷிகோ, எதிரே ஆக்ட் யசுகாவா. யோஷிகோ ஒத்துழைப்பை விட்டுவிட்டு நிஜமாகவே முகத்தில் குத்தினார். யசுகாவாவின் கன்ன எலும்பும் மூக்கெலும்பும் கண்குழி எலும்பும் உடைந்தன. அவர் பக்கத்தினர் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். யோஷிகோவின் பெல்ட் பறிக்கப்பட்டது. இந்த வீடியோவை "செம ரியல் மேட்ச், கண்டிப்பா பாரு" என்று புதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். அது மேட்சே இல்லை. தன் உடம்பை நம்பி ஒப்படைத்தவருக்கு நேர்ந்த துரோகம். அதைப் பற்றிப் பேசலாம், ஆனால் பரிந்துரைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

உடம்பைப் பற்றிய பேச்சு

வேண்டாம். ஒரு வரிகூட.

திருட்டு லிங்க்

கேட்காதீர்கள், கொடுக்காதீர்கள். இருநூறு பேர் உட்காரும் அரங்கில் ஷோ நடத்துபவருக்கு ஸ்ட்ரீமிங் காசும் டிக்கெட் காசு அளவுக்கு முக்கியம்.

ரிங்கில் உள்ள கோபத்தை வெளியே கொண்டுபோவது

ஹீல், அதாவது வில்லன் வேடம் போடுபவர், உங்களைக் கோபப்படுத்தத்தான் காசு வாங்குகிறார். கோபம் வந்தால் அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அந்தக் கோபத்தோடு அவருடைய இன்ஸ்டாகிராமுக்குப் போய்த் திட்டுவது ரசனையில் சேராது. ஸ்டார்டம் வீராங்கனை ஹனா கிமுரா ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் கோபப்பட்ட காட்சிக்காக இணையத்தில் வசை மழைக்கு ஆளானார். 2020 மே 23 அன்று 22 வயதில் உயிரிழந்தார். அதன் பிறகு எழுந்த குரலால் 2022இல் ஜப்பான் அவமதிப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது: ஓராண்டுவரை சிறை அல்லது மூன்று லட்சம் யென்வரை அபராதம். மதுரையிலிருந்து தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்ப்புப் பொத்தான் அவர்கள் போனிலும் இருக்கிறது. குறை எழுதும்போது அவர்களை டேக் செய்யாதீர்கள். பாராட்டும்போது தாராளமாகச் செய்யுங்கள்.

முடிவைத் தலைப்பில் போடுவது

சிகாகோ பக்கம் சனி மாலை ஏழு மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 5.30. அங்கே குளிர்காலமானால் 6.30. லண்டனில் மாலை ஏழு என்றால் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. ஜப்பான் எப்போதும் மூன்றரை மணி நேரம் முன்னால்: அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே காலை 8.30. வேலை, காலேஜ் என்று ஓடுபவர்கள் நேரலையில் பார்க்க முடியாது. யார் ஜெயித்தார் என்பதை இரண்டு நாளைக்கு முதல் வரியிலும் போடாதீர்கள், முகப்புப் படத்திலும் போடாதீர்கள். குரூப்பில் பெல்ட்டோடு நிற்கும் போட்டோ ஒன்றே போதும், எல்லாம் தெரிந்துவிடும்.